செட்டிநாட்டில் ஒரு மாதம்: தங்க, சாப்பிட, சுற்றிப் பார்க்க

செட்டிநாட்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒன்றரை நாளில் ஊரை முடித்துவிடுகிறார்கள். பிள்ளையார்பட்டியில் தரிசனம், காரைக்குடியில் மதியச் சாப்பாடு, கானாடுகாத்தானில் ஒரு வீட்டு வாசலில் நின்று படம், அப்புறம் மதுரைக்கோ திருச்சிக்கோ வண்டி. அந்த அவசரத்தில் கிடைப்பது பெயர்ப்பலகையில் எழுதியிருக்கிற சாப்பாடு மட்டும்தான். இந்தப் பக்கத்து நல்ல பண்டங்களில் பாதி பலகையில் ஏறுவதே இல்லை. சில, நாளின் ஒரு குறிப்பிட்ட மணிக்குத்தான் கிடைக்கும். சில, முதல் நாளே சொல்லிவைத்தால்தான் கிடைக்கும். சில, ஆடி வந்தால்தான் அடுப்பில் ஏறும். வீடுகளும் அப்படித்தான், போன நேரத்தில் கதவு திறந்திருக்காது. ஒரு மாதம் கையில் இருந்தால் இந்த நேரங்களுக்கெல்லாம் நாமே பழகிக்கொள்ளலாம். அதற்கான வழிமுறைதான் இது.

எந்த மாதம் வருவது

மார்கழி நடுவிலிருந்து மாசி கடைசி வரை நல்ல காலம். நடக்கலாம், மலை ஏறலாம், மதியம் சாப்பிட்ட பின்னும் தெருவில் இறங்கலாம். சித்திரை, வைகாசியில் காலை 9 மணிக்கே பாறை சுடும்; கோட்டைகளையும் குடைவரைகளையும் அப்போது விட்டுவிட வேண்டியதுதான். ஐப்பசி, கார்த்திகையில் மழை இருக்கும். ஆனால் ஊரணிகள் நிரம்பியிருப்பதையும், மழைத் தண்ணீர் ஓட்டு விளிம்பிலிருந்து வீட்டு நடுமுற்றமான வளவுக்குள் விழுவதையும் பார்க்க வேண்டுமானால் அதுதான் சமயம்.

வருமுன் நாட்காட்டியில் முகூர்த்த நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் என்றால் அறையும் வாடகை வண்டியும் கிடைப்பது கஷ்டம் என்பது எல்லா ஊருக்கும் பொது. இங்கே கூடுதலாக ஒன்று உண்டு. நன்றாகச் சமைக்கிறவர்களும் பலகாரம் சுடுகிறவர்களும் கல்யாண வேலைக்குப் போய்விடுவார்கள். அந்த இரண்டு மூன்று நாள் எந்த ஆர்டரும் எடுக்கமாட்டார்கள். அன்றைக்கு வெளியூர்ப் பயணம் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) காவடிகள் பழனிக்கு நடைப்பயணமாகக் கிளம்பும். குன்றக்குடி நிரம்பி வழியும், சாலையில் வண்டி மெதுவாகத்தான் நகரும். பார்க்க வேண்டிய காட்சி, ஆனால் வேறு வேலையை அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கே தங்குவது

செட்டிநாடு என்பது ஒரே ஊர் அல்ல. 96 ஊர்கள் என்பது பழைய கணக்கு. இன்று எழுபத்துச் சொச்சம் ஊர்கள், சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் கிடக்கின்றன. இவற்றில் காரைக்குடியும் தேவகோட்டையும்தான் நகரம். மற்றதெல்லாம் இரவு 8 மணிக்குத் தெரு அடங்கிவிடுகிற கிராமங்கள்.

முதல் மூன்று வாரம் காரைக்குடியில், கடைசி வாரம் ஒரு கிராமத்தில் என்று பிரித்துக்கொள்ளச் சொல்வோம். நேர்மாறாகச் செய்தால் முதல் வாரமே இரவுச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம். காரைக்குடியில் பழைய பேருந்து நிலையம், செக்காலை ரோடு பக்கம் தங்கினால் காலை டிபனும் டவுன் பஸ்ஸும் நடை தூரத்தில் இருக்கும். சத்தம் வேண்டாம் என்றால் கல்லூரிச் சாலைப் பக்கம் பாருங்கள். அங்கே அழகப்பா பல்கலைக்கழக வளாகத்து மர நிழலில் காலை நடைக்கு இடமும் உண்டு.

வாடகைக்கு அறை பேசும்போது நான்கு கேள்வி கேளுங்கள்: தண்ணீர் எந்த நேரம் வரும், ஒற்றை அடுப்பாவது வைத்துச் சமைக்கலாமா, கொசுவலை கட்டக் கொக்கி இருக்கிறதா, மொட்டை மாடிக்கு நேர் கீழ் அறையா. கடைசிக் கேள்வியை மறக்கவே கூடாது. கான்கிரீட் தளத்துக்கு நேர் கீழே உள்ள அறையில் பகல் வெப்பம் ராத்திரி 11 மணிக்குத்தான் இறங்கத் தொடங்கும். ஒரு மாடி கீழே கேட்டு வாங்குங்கள்.

சென்னையிலிருந்து வருவதானால் எழும்பூரில் பிற்பகலில் கிளம்பும் பல்லவன் ராத்திரி காரைக்குடியில் இறக்கிவிடும். ராமேஸ்வரம் போகிற ரயில்களும் இந்த வழியாகப் போகின்றன. விமானத்தில் வந்தால் மதுரையும் திருச்சியும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர்.

சாப்பாட்டுக் கடிகாரம்

முதல் வாரம் வேறு எதையும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, இந்தக் கடிகாரத்துக்கு வயிற்றைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

காலை 7 முதல் 9 வரை டிபன். இட்லி, இடியாப்பம், குழிப்பணியாரம். இடியாப்பம் கேட்டால் கூடவே கோசமல்லி இருக்கிறதா என்று கேளுங்கள். கத்திரிக்காயை வேகவைத்து மசித்துப் புளி சேர்த்துச் செய்வது; சாம்பாரோடு இடியாப்பம் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. 9 மணிக்கு மேல் போனால் இடியாப்பம் ஆறியிருக்கும், கோசமல்லி தீர்ந்திருக்கும்.

மதியம் 12.30க்குள் மெஸ்ஸில் உட்கார்ந்துவிட வேண்டும். அளவாகச் சமைக்கிற இடங்களில் 1.30க்கு மேல் வறுவல் வகைகள் தீரத் தொடங்கும், 2.30க்குக் குழம்பும் ரசமும்தான் மிஞ்சும். இலையில் சோறு, குழம்புகள், கூட்டு, பொரியல், ரசம், மோர் வரும். பிறகு ஒரு தட்டில் சின்னச் சின்னக் கிண்ணங்களில் கோழி, மட்டன் சுக்கா, எறா, நண்டு, மீன் என்று அடுக்கிக் கொண்டுவந்து காட்டுவார்கள். புதிதாக வருகிறவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான். தட்டில் இருப்பதெல்லாம் சாப்பாட்டோடு சேர்த்தி என்று நினைத்து நாலைந்தை எடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தனி விலை. "அண்ணே, இது எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு எடுப்பதை யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஒருவருக்கு ஒரு வறுவல் போதும். ஒரு மாதம் இருக்கிறது, நாளைக்கு வேறொன்று எடுக்கலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெளியூர் ஓட்டல்களில் 'செட்டிநாடு' என்று போட்டால் நாக்கு எரிகிற காரம், மேலே மிதக்கிற சிவப்பு எண்ணெய் என்று ஆகிவிட்டது. இந்த ஊர்ச் சமையலுக்கு அது பெரிய அநியாயம். இங்கே மசாலாவை வறுத்து அரைக்கிற பக்குவம்தான் முக்கியம். சோம்பு, மிளகு, கல்பாசி, மராட்டி மொக்கு எல்லாம் அளவோடு நிற்கும், ஒன்று மற்றொன்றை அமுக்காது. நல்ல கோழி வறுவலில் முதலில் வருவது வாசம், காரம் பின்னால் மெதுவாக ஏறும். வாயில் வைத்ததுமே மிளகாய்த்தூள் நெடி அடித்தால் அந்தக் கடைக்கு இரண்டாவது முறை போக வேண்டாம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இது பஞ்சமான ஊர் என்பதும் தப்பான நினைப்பு. மண்டி என்று ஒரு வகை உண்டு. அரிசி களைந்த தண்ணீரில், இரண்டாவது கழுவலை எடுத்துவைத்து, அதில் புளி கரைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, மொச்சை போட்டு வெண்டைக்காயையோ வேறு காயையோ வேகவைப்பது. முதல் கழுவலில் தூசியும் தவிடும் இருக்கும், மூன்றாவதில் சத்தே இருக்காது, அதனால்தான் இரண்டாவது. மண்டி பெரும்பாலும் வீட்டில்தான் கிடைக்கும். தங்குகிற வீட்டு அம்மாவிடம் கேட்டால் செய்து தருவார்கள், அரைக் கிலோ பிஞ்சு வெண்டைக்காயை நீங்களே வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.

மாலை 4 முதல் 6 வரை இடைப்பலகாரம். எங்களைக் கேட்டால் செட்டிநாட்டின் உண்மையான சாப்பாட்டு நேரம் இதுதான் என்போம். வெள்ளைப் பணியாரம், மசாலாச் சீயம், கந்தரப்பம், பால் பணியாரம், ரங்கூன் புட்டு. கடைசியில் சொன்னது ரவையும் வெல்லமும் தேங்காயும் சேர்ந்தது. பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய தலைமுறையின் நினைவு அந்தப் பேரிலேயே ஒட்டியிருக்கிறது. மாலையில் தெருவோரம் எண்ணெய்ச் சட்டி ஏறிய இடத்தில் நின்று, சட்டியிலிருந்து எடுத்த சூட்டில் சாப்பிடுங்கள். மதியம் சுட்டுக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிவைத்ததை வாங்கவே வாங்காதீர்கள்.

இரவு எல்லா ஊரையும் போல பரோட்டா, தோசை. 9.30க்குள் முடித்துவிடுங்கள்.

வெள்ளைப் பணியாரம்: நல்லதைக் கண்டுபிடிக்க, நீங்களே சுட

இந்தப் பண்டத்தைச் சரியாகச் சுடத் தெரிந்தவர் கையில் மற்ற எல்லாமும் சரியாக இருக்கும். அதனால் புதுக் கடையைச் சோதிக்க இதையே வாங்குங்கள். நடு கொஞ்சம் உப்பி, ஓரம் மெல்லியதாக நெளிந்து, எங்கேயும் சிவக்காமல் வெள்ளையாக இருக்க வேண்டும். பிய்த்தால் உள்ளே பஞ்சு மாதிரி இருக்க வேண்டும், விரலில் எண்ணெய் வழியக் கூடாது.

அளவு எளிது. ஓர் உழக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதே உழக்கின் மேல் உளுந்தை எவ்வளவு நிற்குமோ அவ்வளவு கோபுரமாகக் குவிக்க வேண்டும். அதுதான் விகிதம். இரண்டையும் சேர்த்து 2 மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய் போல அரைத்து, உப்பும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் இரண்டு மூன்று கரண்டிப் பாலும் சேர்த்துத் தோசை மாவைவிடக் கொஞ்சம் இளக்கமாகக் கரைக்க வேண்டும். மாவு புளிக்கக் கூடாது, அரைத்ததும் சுட வேண்டும். எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் ஒரு குழிக்கரண்டி மாவைச் சட்டியின் நடுவில் ஊற்றினால் தானே மேலே எழும்பும். உடனே திருப்பி, நிறம் மாறுமுன் எடுத்துவிட வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றுதான்.

கெட்டுப்போகிற வழிகள் நான்கு. மாவு கெட்டியானால் போண்டா போல உருண்டு உள்ளே வேகாது. நீர்த்தால் பரந்து எண்ணெய் குடிக்கும். எண்ணெய் காயாமல் ஊற்றினால் எழும்பாமல் தட்டையாகக் கிடக்கும். மாவு புளித்தால் சிவந்துபோகும், ருசியும் மாறும். தொட்டுக்கொள்ள வரமிளகாய், பூண்டு, புளி, உப்பு வைத்து அரைத்த காரச் சட்னி.

கவுனி அரிசியும் சமைத்துப் பாருங்கள், இது இன்னும் சுலபம். கருப்புக் கவுனியை முதல் நாள் ராத்திரியே ஊறவைக்க வேண்டும், ஊறிய தண்ணீரைக் கொட்டக் கூடாது, நிறம் அதில்தான் இறங்கியிருக்கும். அதே தண்ணீரோடு குக்கரில் ஏற்றி நன்றாகக் குழைய வேகவைத்து, சூட்டோடு சர்க்கரையும் தேங்காய்ப் பூவும் கொஞ்சம் நெய்யும் சேர்த்தால் போதும். ஆறிய பின் சர்க்கரை சேர்த்தால் அரிசி இறுகிவிடும்.

சொல்லிவைத்து வாங்குவது

வீட்டு முறையில் பலகாரம் செய்து தருகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மளிகைக் கடையில் கேட்டாலே வழி சொல்வார்கள். ஒரு நாள் முன்னாடி சொல்லுங்கள். அதிரசம், மனகோலம் மாதிரியானவற்றுக்கு இரண்டு நாள். என்ன வேண்டும், எத்தனை, எத்தனை மணிக்கு வந்து வாங்குவீர்கள் என்று மூன்றையும் சொல்லிவிட்டு, பாதிப் பணம் முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள். சொன்ன நேரத்துக்குப் போகாவிட்டால் அடுத்த ஆர்டர் கிடைக்காது, அது நியாயமும்கூட.

நகரத்தார் வீட்டுப் பெண்களை ஆச்சி என்று கூப்பிடுவது வழக்கம். ஆனால் பார்க்கிற எல்லாரையும் ஆச்சி என்பது சரியல்ல. யாரென்று தெரியாதபோது அம்மா, அக்கா போதும். ஆண்களுக்கு அண்ணே, வயதானவர்களுக்கு ஐயா.

கும்மாயம் கேட்டால் ஆடியில் வரச் சொல்வார்கள். உளுந்தும் அரிசியும் பாசிப்பருப்பும் வறுத்துத் திரித்த மாவைக் கருப்பட்டியும் நெய்யும் சேர்த்துக் கிண்டுவது. ஆடியில்லாத மாதத்திலும் சிலர் செய்து தருவார்கள், கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

தங்கும் விடுதிகளாக மாறியிருக்கிற பழைய வீடுகளில் இலைச் சாப்பாடு கிடைக்கும்: காரைக்குடி தேவகோட்டை ரோட்டில் தி பங்களா, கானாடுகாத்தானில் விசாலம், திருமயம் பக்கம் கடியாபட்டியில் சிதம்பர விலாஸ். விலை மெஸ்ஸைப் போலப் பல மடங்கு. ஒரு மாதத்தில் ஒரு தடவை போனால் போதும், ஆனால் அந்த ஒரு தடவை போக வேண்டும்; கடைகளில் வராத வரிசையை முழுதாக ஒரே இலையில் பார்க்கலாம். முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், நேராகப் போய் நின்றால் இடம் இருக்காது.

வீடுகளைப் பார்ப்பது எப்படி

முதலில் தெருவைப் படியுங்கள். பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும். அதனால் ஒரு தெருவில் முகப்புகள் வரிசையாக இருந்தால், அடுத்த தெருவில் வெறும் மதிலும் சின்னக் கதவுகளும்தான் தெரியும். முகப்புத் தெருவைத் தேர்ந்து நடந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

வெளியே நின்று மேலே பாருங்கள். முகப்பின் உச்சியில் சுதையில் கஜலட்சுமி இருக்கும், பக்கத்திலேயே தொப்பி போட்ட சிப்பாயும் நிற்கலாம். உள்ளே போகக் கிடைத்தால் வரிசை இப்படி: திண்ணை, முகப்பு, நடுவில் வானம் தெரிகிற வளவு, அதைச் சுற்றி அறைகள், பிறகு சாப்பாட்டுக்கு இரண்டாம் கட்டு, அடுப்படியோடு மூன்றாம் கட்டு. வளவைச் சுற்றிய அறைகள் குடும்பத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒன்று. புள்ளி என்றால் கல்யாணமாகித் தனிக் கணக்கு வைத்த ஒரு குடும்பம். தலைவாசலில் நின்றால் நிலைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் பின்வாசல் வரை தெரியும். சுவரைத் தொட்டுப் பாருங்கள். சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த பூச்சு, சித்திரை வெயிலிலும் குளுகுளுவென்று இருக்கும்.

அனுமதிதான் சிக்கல். இந்த வீடுகள் பல பங்காளிகளுக்குச் சொந்தம். கதவைத் திறந்து வைத்திருக்கும் காவலாளிக்கு எல்லா அறையையும் காட்டும் அதிகாரம் கிடையாது. வற்புறுத்தினால் அவருக்குத்தான் சங்கடம். திண்ணைக்குக் கீழேயே செருப்பைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்தே "வீட்டைக் கொஞ்சம் பாத்துக்கிடலாமா?" என்று கேளுங்கள். முகப்போடு நிறுத்தினால் முகப்போடு திரும்பிவிடுங்கள். சாமி அறையைப் படம் எடுக்கக் கூடாது. படையல், துக்கம், கல்யாணம் நடக்கிற வீட்டில் கேட்கவே வேண்டாம்.

கானாடுகாத்தான் அரண்மனை 1912இல் முடிந்த கட்டடம். வெளியிலிருந்துதான் பார்க்க முடியும் என்று எண்ணிக்கொண்டே போங்கள். காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடும் அப்படியே. ஆத்தங்குடியில் இருக்கிற பெரிய வீட்டைக் கட்டணம் கட்டி உள்ளே சென்று பார்க்கலாம். ஒரு மாதமிருந்தால் கானாடுகாத்தானுக்கு இரண்டு முறை போங்கள், ஒரு முறை காலை 7 மணிக்கு, ஒரு முறை மாலை 4.30க்கு. கிழக்கு மேற்கு முகப்புகளில் வெயில் விழுவது வேளைக்கு வேளை மாறும். பள்ளத்தூர், கோட்டையூர், கண்டனூர் ஆகிய ஊர்களில் கூட்டமே இருக்காது, முகப்புகளுக்கும் குறைவில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்கள்தான் இன்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன.

ஆத்தங்குடிப் பட்டறை

ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற டைல்ஸைக் கையாலேயே செய்கிறார்கள். பட்டறைக்குக் காலை 10 மணிக்குப் போனால் வேலை நடந்துகொண்டிருக்கும். தரையில் ஒரு கண்ணாடிச் சதுரம், அதைச் சுற்றி இரும்புச் சட்டம், உள்ளே பூ வடிவ அச்சு. அச்சின் ஒவ்வொரு பள்ளத்திலும் சிமெண்டும் மணலும் நிறமும் கலந்த குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கும் கணத்தை விடாமல் பாருங்கள். நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும், ஆனால் கலக்காது. குழம்பு கொஞ்சம் நீர்த்திருந்தால் அந்தக் கணத்தில் பூ கலைந்துவிடும். மேலே உலர்ந்த சிமெண்டு-மணல் தூவி ஈரத்தை இழுக்கவிட்டு, பின் கலவையை நிரப்பிச் சமன் செய்து காயவைப்பார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள். சூளை கிடையாது, இயந்திரப் பாலீஷும் கிடையாது. கண்ணாடியில் படிந்த முகமாதலால்தான் அந்த வழவழப்பு.

வாங்குகிறவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. ஒவ்வொரு தொகுதிக்கும் நிறம் லேசாக மாறும், எனவே தேவைக்கு மேல் நூற்றுக்குப் பத்து சேர்த்து ஒரே தொகுதியில் வாங்குங்கள். வண்டியில் படுக்கவைக்காமல் நிறுத்தி அடுக்கி, இடையில் வைக்கோல் வைக்கச் சொல்லுங்கள். பதித்த பின் ஆசிட் ஊற்றிக் கழுவவே கூடாது. சிமெண்டை அமிலம் அரித்து முகம் வெளுத்துவிடும். வெறும் தண்ணீரில் துடைக்கத் துடைக்கப் பளபளப்பு ஏறும், தேங்காய் எண்ணெயும் தடவலாம்.

கோயில்கள்

நகரத்தாருக்கு ஒன்பது கோயில்கள்: இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. ஒன்பதையும் ஒரே நாளில் ஓட்டுகிற வண்டிக்காரர்கள் உண்டு, வேண்டாம். நாளுக்கு இரண்டு, அதுவும் காலையில். மதியம் நடை சாத்திவிட்டு மாலை 4 மணிக்கு மேல்தான் திறப்பார்கள். பிள்ளையார்பட்டிக்குச் சனி, ஞாயிறு, சதுர்த்தி நாட்களைத் தவிர்த்து விடிகாலையில் போங்கள். குடைவரைக்குள் வடக்குப் பார்த்து, இரண்டே கைகளோடு, வலம்புரியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையாரை நெரிசலில்லாமல் பார்க்க அதுதான் வழி. சிற்பத்துக்கு வைரவன்பட்டியும் இரணியூரும். குன்றக்குடியில் மேலே முருகனைப் பார்த்துவிட்டு இறங்கி வருகிறவர்கள் அடிவாரத்துக் குடைவரைகளைத் தவறவிட்டுவிடுகிறார்கள். கேட்டு வழி தெரிந்துகொண்டு போங்கள்.

காரைக்குடிக்குள் கொப்புடையநாயகி அம்மன், மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன். மாசி, பங்குனியில் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பார்கள், அன்றைக்கு ஊரே தெருவில் இருக்கும். கம்பன் மணிமண்டப வளாகத்தில் தமிழ்த்தாய்க்கு ஒரு கோயில் இருக்கிறது. 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் விழா பங்குனியில் நடக்கும். நீங்கள் இருக்கும் மாதத்தில் வந்தால் ஒரு மாலையாவது போய் உட்காருங்கள்.

ஒரு நாள் பயணங்கள்

திருமயம், காரைக்குடியிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். கோட்டை 1687இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டியது. காலை 9 மணிக்குள் ஏறிவிடுங்கள், உச்சியில் பீரங்கி இருக்கிறது, நிழல் இல்லை. இறங்கி வந்து பாறையில் குடைந்த பெருமாளையும் சிவனையும் நடை சாத்துமுன் பாருங்கள். கோட்டையை முதலில், கோயிலை அடுத்து என்ற வரிசை மாறினால் வெயிலில் மாட்டிக்கொள்வீர்கள்.

சித்தன்னவாசல், புதுக்கோட்டை தாண்டி. தாமரைக் குளத்து ஓவியம் இருக்கிற குகை ஒரு பக்கம், சமணர் படுக்கைகள் இருக்கிற ஏழடிப்பட்டம் பாறையின் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் தனித்தனி ஏற்றம். தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர். திரும்பும் வழியில் புதுக்கோட்டையில் முட்டை மாஸ் சாப்பிடலாம்.

ஆவுடையார்கோயிலுக்கு அரை நாள் முழுதாக ஒதுக்குங்கள். கல்லை மரம் போலச் செதுக்கிய கொடுங்கைக் கூரையை அவசரமாகப் பார்க்க முடியாது. கார்த்திகை முதல் மாசி வரை என்றால் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். அந்தப் பகுதிக் கிராமத்தார் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. பொங்கலை ஒட்டி வந்திருந்தால் சிராவயல் மஞ்சுவிரட்டு, மாசி மகத்துக்கு அரளிப்பாறை. இரண்டிலும் பொட்டலில் நிற்காமல் மேடான இடமாகப் பார்த்து நில்லுங்கள், மாடு எந்தப் பக்கமும் வரும். கீழடி அருங்காட்சியகம் தூரம், அதை மதுரை போகிற நாளோடு சேர்த்துக்கொள்ளலாம்.

கிராமங்களுக்கு டவுன் பஸ் உண்டு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இறங்கும்போதே திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எது என்று நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள். இரண்டு மூன்று ஊர் சேர்த்துப் பார்ப்பதானால் அரை நாளுக்கு ஆட்டோ பேசிக்கொள்வது மேல். போகிற ஊர்களையும் காத்திருக்கும் நேரத்தையும் முதலிலேயே சொல்லிப் பேசுங்கள். காத்திருப்புக் கூலியில்தான் தகராறு வரும்.

கடைசி வாரம் வாங்க வேண்டியவை

பழம்பொருள் கடைகள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கின்றன. முதல் தடவை வாங்காதீர்கள், விலை மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள். மங்குச் சாமானை (எனாமல் பூசிய இரும்புப் பாத்திரத்தை) திருப்பி அடியில் எந்த நாட்டு முத்திரை என்று பாருங்கள், விளிம்பில் பெயர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். பெயர்ந்த இடத்தில் துரு ஏறும், அதில் சாப்பாடு வைக்க முடியாது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளையும், 75 வருடத்துக்கு மேற்பட்ட சுவடியையும் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972ஆம் வருடச் சட்டம் இடம் கொடுக்காது. வெளிநாட்டில் இருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கட்டமோ கோடோ போட்ட உடல், கனமான பருத்தி, எடுப்பான அகலக் கரை. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கினால் கைத்தறிதானா என்ற சந்தேகம் வராது. முதல் இரண்டு துவைப்பு தனியாக, பச்சைத் தண்ணீரில் கல் உப்புப் போட்டு அலசி, நிழலில் காயவையுங்கள். பனையோலைக் கொட்டான்கள் (கூடைகள்) வாங்கினால் ஊருக்குப் போனதும் ஒரு மணி நேரம் வெயில் காட்டுங்கள், பூஞ்சை பிடிக்காது.

பலகாரம் கடைசியில். வெள்ளைப் பணியாரமும் சீயமும் ஊருக்கு எடுத்துப்போகிற பண்டமே அல்ல, ஒரு மணி நேரத்தில் துவண்டுவிடும். கை முறுக்கு, தேன்குழல், சீப்புச் சீடை இரண்டு வாரம் தாங்கும். அதிரசம், மாவுருண்டை ஒரு வாரத்துக்கு. சுட்ட சூட்டோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளே வேர்த்து நமத்துப்போகும், காறல் வாடையும் சீக்கிரம் வரும். நன்றாக ஆறிய பின் தகர டப்பாவில், அடியில் தாள் விரித்து அடுக்கச் சொல்லுங்கள். திரும்பும் பல்லவன் விடிகாலையிலேயே கிளம்பிவிடும், அந்த நேரத்தில் எந்தக் கடையும் திறந்திருக்காது. முதல் நாள் மாலை 6 மணிக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, அதற்கும் முதல் நாளே ஆர்டர் கொடுத்துவிடுங்கள். மாவுருண்டை டப்பாவின் மேல் எதையும் வைக்காதீர்கள், சென்னை போய்ச் சேர்வதற்குள் மாவாகவே ஆகிவிடும்.